தடம் மறைந்த நிலையங்கள் – 9: தனுஷ்கோடி

தனுஷ்கோடி ரயில் நிலையம் 1914இல் போக்குவரத்துக்கு வந்து, 1964 டிசம்பரில் ஒரே இரவில் கடலோடு போனது. ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு முனையில், வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் நெருங்கி வரும் ஒடுங்கிய மணல்திட்டின் மேல் அது நின்றது. சுற்றிலும் வயல் கிடையாது, சந்தை கிடையாது. மீனவர் குடிசைகளும், சேதுவில் நீராட வந்துபோகும் யாத்ரிகர்களும்தான் அந்த முனைக்கு அதுவரை உரியவர்கள். இத்தனை ஆளரவமற்ற இடத்துக்குச் சென்னை எழும்பூரிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் ஓடியதற்குக் காரணம், கடலுக்கு அப்பால் சுமார் 22 மைலில் இலங்கையின் தலைமன்னார் இருந்ததுதான். தபால் நிலையம், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தேவாலயம் என்று ஊர் உருவானதெல்லாம் அதற்குப் பிறகே.

தனுஷ்கோடிக்கு முன் இலங்கைப் பயணம் தூத்துக்குடி வழியாக நடந்தது. 1876இல் ரயில் தூத்துக்குடியை எட்டியிருந்தது. சென்னையில் ஏறியவர்கள் அங்கே இறங்கி, படகில் போய் கப்பலைப் பிடித்து, ஓர் இரவு முழுக்கக் கடலில் கழித்துக் கொழும்பு சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் ஏகபோகமாக இருந்த அந்தத் தடத்தில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிப் போட்டியிட்டார். பிற்காலத்தில் தனுஷ்கோடியோடு ஒட்டிக்கொண்ட 'போட் மெயில்' என்ற பெயரும் முதலில் தூத்துக்குடி ரயிலைக் குறித்ததே. கப்பல் துறை மாறியபோது பெயரும் கூடவே இடம் மாறிற்று.

இலங்கையின் மலைத்தோட்டங்கள் காப்பியிலிருந்து தேயிலைக்கு மாறி, தமிழ்நாட்டிலிருந்து ஆள் போவது பெருகிய காலத்தில், இரு நாட்டையும் தண்டவாளத்தால் இணைத்துவிடும் யோசனை வலுப்பெற்றது. ராமர் பாலம் என்று வழங்கும் மணல்திட்டுகளின் மேலேயே பாதை போட்டு, திட்டுகளுக்கு இடையிலான நீர்ப்பகுதிகளைப் பாலத்தாலும் கரையாலும் கடந்துவிடலாம் என்று அளவெடுத்து மதிப்பீடும் போட்டார்கள். செலவு கட்டுபடியாகாது என்று அது கைவிடப்பட்டது. பதிலாக வந்தது ஒரு சமரசத் திட்டம்: பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம், அங்கிருந்து தீவின் கிழக்கு முனைவரை தண்டவாளம், எதிர்க்கரையில் தலைமன்னாரிலிருந்து கொழும்புவரை தண்டவாளம், நடுவிலுள்ள கடலுக்கு நீராவிக் கப்பல். தனுஷ்கோடி நிலையம் பிறந்தது இந்தச் சமரசத்தில். முழுப் பாலம் கட்டப்பட்டிருந்தால் அது வழியில் வரும் சிறு நிலையமாக, அல்லது நிலையமே இல்லாத வெறும் மணலாக இருந்திருக்கும்.

பாலத்தைக் கட்டியது திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1911இல் வேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர், கண்கள் 145. கால்வாயில் கப்பல் போக்குவரத்து தடைபடாமலிருக்க, நடுவில் ஒரு கண் இரண்டு கைகளாகப் பிளந்து மேலே தூக்கும்படி அமைக்கப்பட்டது. ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறையில் அமைந்ததால் அதற்கு ஷெர்சர் தூக்குப்பாலம் என்று பெயர். மின்சாரம் எதுவும் இல்லாமல், ஆட்கள் கையால் நெம்புகோலைச் சுற்றியே அதைத் திறந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குமேல் அதே வேலை அப்படியே நடந்தது என்பது அந்த வடிவமைப்புக்குக் கிடைத்த நற்சான்று.

பாலம் இறங்கும் பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை வடகிழக்கே ராமேஸ்வரம் கோயிலுக்குச் சென்றது. மற்றது தீவின் தென்பக்கமாகத் தனுஷ்கோடிக்குப் போயிற்று. இன்று ராமேஸ்வரத்தையே தீவின் ஒரே ரயில் முனையாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு வியப்பாக இருக்கலாம்: இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்ற போட் மெயிலுக்குத் தனுஷ்கோடிப் பாதையே பிரதானம், ராமேஸ்வரம் கிளைதான்.

கடலைக் கடக்கவும் ரயில்வே கம்பெனி சொந்தக் கப்பல்களையே வைத்திருந்தது. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய மூன்று டர்பைன் கப்பல்கள் 1913இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு வந்தன. இருபதுகளின் கடைசியில் கோஷென், இர்வின் என்று இன்னும் இரண்டு கப்பல்கள் சேர்ந்தன. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்புக் கோட்டை நிலையம்வரை செல்லும். இரவில் சென்னையில் ஏறினால் மறுநாள் பகலில் தனுஷ்கோடி, கப்பலில் சில மணி நேரம், அன்றிரவு தலைமன்னாரில் இலங்கை ரயில், விடிந்தால் கொழும்பு. தூத்துக்குடி வழியில் ஓர் இரவு முழுக்க நீண்ட கடற்பயணம், இங்கே ஒரு பகலின் பகுதியாகச் சுருங்கிவிட்டது. கடல் ஒத்துக்கொள்ளாத பயணிகளுக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை.

ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போகும் முறை சில நாடுகளில் உண்டு. இங்கே அதற்கு வழியில்லை. தென்னிந்திய ரயில்வேயின் இந்தத் தடம் மீட்டர் கேஜ். இலங்கையின் முக்கியத் தடங்களோ ஐந்தரை அடி அகலப் பாதை. ஆகவே ஆளும் மூட்டையும் தபாலும் தனுஷ்கோடியில் ஒருமுறை இறங்கியே தீரவேண்டும். சுமை தூக்குவோர், சுங்க அதிகாரிகள், தபால்காரர்கள், துறைமுகச் சிப்பந்திகள், சிற்றுண்டி விற்பவர்கள் என்று அந்த முனையில் குடியேறிய அத்தனை பேருக்கும் பிழைப்புக் கொடுத்தது இந்த இறக்கி ஏற்றும் வேலைதான்.

போட் மெயிலின் மேல் வகுப்புகளில் துரைமார்களும் வணிகர்களும் வக்கீல்களும் போனார்கள். எண்ணிக்கையில் இந்த நிலையத்தை நிரப்பியவர்கள் வேறு ஆட்கள்: திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துச் சீமைகளிலிருந்து கங்காணிகள் திரட்டி அழைத்துப்போன தோட்டத் தொழிலாளர்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று காட்டும் தகரத் துண்டு ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அவர்கள் நேராகத் தனுஷ்கோடிக்குப் போய்விட முடியாது. காலராவும் அம்மையும் பிளேக்கும் இலங்கைக்குள் நுழைந்துவிடும் என்ற அச்சத்தில், மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு தடுப்பு முகாமை நடத்தியது. அங்கே சில நாள் நிறுத்திவைத்து, அம்மை குத்தி, மருந்து கொடுத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே பாலத்தைக் கடக்க விட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசின் முகாம் என்பதே இந்தப் பாதை எவருக்காக ஓடியது என்பதைச் சொல்லிவிடுகிறது. 'மண்டபம் கேம்ப்' என்று ரயில் நிலையத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது.

ஊர் வாழ்க்கை கடலைப் பொறுத்தே நடந்தது. பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அந்தப் பக்கத்து மீனவர்கள் சொல்வது வழக்கம். வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். கச்சான் காற்றில் தென்கடல். ஒன்று சீறும்போது மற்றது பெரும்பாலும் அடங்கியிருப்பதால் மீன்பிடிப்பு வருஷம் முழுக்க நடக்கும், கருவாடு ரயிலேறும். உப்புக் கடல் இருபுறமும் சூழ்ந்திருந்தாலும், மணலைக் கையால் தோண்டினால் சில அடியிலேயே குடிநீர் ஊறும் இடங்கள் அங்கே உண்டு. மீனவர் குடும்பங்கள் இன்றைக்கும் அந்த ஊற்றுகளையே நம்பியிருக்கின்றன. ரயில் எஞ்சினுக்கு வேண்டிய தண்ணீருக்கு நிலையத்தருகே உயரமான தொட்டி கட்டியிருந்தார்கள்.

யாத்ரிகர்களின் கூட்டம் இவற்றோடு சேராத தனிக் கணக்கு. காசிக்குப் போய் வந்தவர்கள் சேதுவில் நீராடி ராமநாதரைத் தரிசித்தால்தான் யாத்திரை நிறைவுறும் என்பது நம்பிக்கை. ரயில் வருமுன் அவர்கள் ராமேஸ்வரத்திலிருந்து படகிலோ மணலில் நடந்தோ தனுஷ்கோடி போனார்கள். ரயில் வந்தபின்னும் படகுப் பிழைப்பு உடனே ஒழிந்துவிடவில்லை. அப்துல் கலாமின் தந்தை, யாத்ரிகர்களை ஏற்றிப்போவதற்காக மரப்படகு கட்டியதையும், புயலொன்று அதை அடித்துப் போனதையும் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். தீவுக்கு வரும் செய்தித்தாள் கட்டுகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட இடத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசிவிட்டுப் போவார்கள். பத்திரிகை விற்பனை செய்த உறவினருக்காக அந்தக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்ததே தமது முதல் சம்பாத்தியம் என்கிறார் கலாம்.

தனுஷ்கோடியின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து நேராக 1964 புயலுக்குத் தாவிவிடுவார்கள். ஆனால் நிலையத்தின் தேய்வு அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஆரம்பித்துவிட்டது. இலங்கை அரசு தன் துறைகளில் வேலை பார்த்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கத் தொடங்கியதற்குப் பதிலடியாக, 1939 ஆகஸ்டு 1 முதல் தோட்ட வேலைக்கு ஆள் போவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி கூட்டி வந்த கூட்டம் அத்தோடு நின்றது. 1948இல் இலங்கை விடுதலை பெற்றதும் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டின் குடிவரவுச் சட்டம் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் போய்வர முடிந்த கடலை எல்லையாக மாற்றியது. டிக்கெட் மட்டும் இருந்தால் கொழும்பு போய்விடலாம் என்றிருந்த காலம் முடிந்தது. 1951இல் தென்னிந்திய ரயில்வே மறைந்து தெற்கு ரயில்வே உருவானபோது, தனுஷ்கோடி ஓர் ஏகாதிபத்தியத்தின் உள்வழிச் சந்திப்பாக இல்லாமல் இரு நாடுகளின் சோதனைச் சாவடியாக ஆகியிருந்தது. ரயிலும் கப்பலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றைத் தொடங்கிவைத்த தேவை பாதிக்குமேல் கரைந்திருந்தது.

நிலமும் அசையாமல் இருக்கவில்லை. மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்பகுதி 1948-49இல் ஏறத்தாழ 5 மீட்டர் தாழ்ந்து, 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலத்துண்டு கடலுக்குள் போனதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு தெரிவிக்கிறது. அந்த எச்சரிக்கையை யாரும் ரயில் பாதையோடு பொருத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவுசெய்வது என்று ஏற்பாடு. கால் நூற்றாண்டு காலம் தொழிலாளர்களை அனுப்பிவைத்த நிலையம், இனி அவர்களின் பேரப்பிள்ளைகளைத் திரும்பப் பெறவேண்டிய நிலை. அந்த வேலை தனுஷ்கோடிக்கு வாய்க்கவில்லை. ஒப்பந்தத்துக்கு எட்டாம் வாரம் புயல் வந்தது.

டிசம்பர் 17ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலம் இரண்டு நாளில் கடும் புயலாகி, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 240 முதல் 280 கிலோமீட்டர்வரை இருந்ததாக மதிப்பிடப்பட்டது. அலைகள் 7 மீட்டர்வரை எழுந்தன. தரை மட்டத்திலிருந்து சில அடியே உயர்ந்த மணல்திட்டில் ஓடி ஒளிய மேடு எது? இரண்டு கடலும் ஊருக்கு நடுவில் ஒன்றாயின. மணல் மேடுகளிலும் இடிந்த கட்டடங்களின் உச்சியிலும் ஏறியவர்கள் சிலர் பிழைத்தார்கள். இலங்கையையும் சேர்த்துப் புயலில் மாண்டவர்கள் 1,800 பேருக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

653ஆம் எண் பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் அன்றிரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து கிளம்பியது. ஆறு பெட்டிகள், 110 பயணிகள், ரயில்வே ஊழியர்கள் 5 பேர். நிலையம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் கைகாட்டி இறங்கவில்லை. கம்பிகள் ஏற்கெனவே அறுந்திருந்தன. டிரைவர் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, இருட்டில் விசில் கொடுத்தபடி வண்டியை நகர்த்தியதாகச் சொல்லப்படுகிறது. நிலையத்துக்குச் சில நூறு மீட்டர் முன்பாகவே எழுந்த அலை வண்டியை முழுதாகக் கவிழ்த்துக் கொண்டுபோயிற்று. ஒருவரும் மிஞ்சவில்லை. 115 என்பது டிக்கெட் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறை நெருங்கும் என்ற மதிப்பீடும் உண்டு. தந்தியும் தொலைபேசியும் அறுந்து, பாலமும் உடைந்துபோனதால், ரயில்வே தலைமையகத்துக்கு இந்தச் செய்தி 25ஆம் தேதிதான், மண்டபத்துக் கடல்துறை அதிகாரி மூலம் எட்டியது. தன் ரயில் ஒன்று இல்லாமல் போனதை ரயில்வே இரண்டு நாள் அறியாமல் இருந்தது.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126இன் உத்திரங்கள் கடலில் விழுந்துவிட்டன. ஷெர்சர் தூக்குப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது. ரயில்வே அமைச்சகம் 6 மாதக் கெடு விதித்தது. தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பு ஏற்றவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த இ.ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் அமைத்தவர். புது உத்திரங்கள் செய்யக் காத்திருக்காமல், விழுந்தவை எங்கே கிடக்கின்றன என்று மீனவர்கள் காட்டிய இடங்களிலிருந்து அவற்றைத் தூக்கியெடுத்துத் திரும்பப் பொருத்தினார். 46 நாளில் ரயில் ஓடியது. இந்திய ரயில்வேயின் பெருமைக் கதைகளில் இது முன்வரிசையில் இருக்கிறது.

அந்த ரயில் ராமேஸ்வரம்வரைதான் போனது. தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடுவதில்லை என்று முடிவாயிற்று. ஊரை மனிதர் வாழத் தகுதியற்ற இடமாக அரசு அறிவித்தது. பாலத்தோடு ஒப்பிட்டால், மணலின் மேல் போட்ட மீட்டர் கேஜ் பாதையைச் சீரமைப்பது பொறியாளர்களுக்குப் பெரிய சவாலாக இருந்திருக்க முடியாது. ஆனால் யாருக்காகப் போடுவது? ராமேஸ்வரத்துக்கு யாத்ரிகர்கள் இருந்தார்கள். தனுஷ்கோடிக்கு இருந்தது, ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துவந்த இலங்கைப் போக்குவரத்து மட்டுமே. அதற்காக இன்னொரு புயலை எதிர்பார்த்து நிற்கும் திட்டில் பணத்தைக் கொட்ட எந்த அரசும் தயங்கியிருக்கும். நிலையத்தை இடித்தது புயல்தான் என்றாலும், அதை மூடியது இந்தக் கணக்கு.

கப்பல் பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் 'ராமானுஜம்' கப்பலில் வந்து இறங்கியது அந்தத் துறையில்தான். பழைய தடுப்பு முகாம் இருந்த மண்டபம் அவர்களுக்கு இடைத்தங்கல் முகாமாகி, பிறகு ஈழத்து அகதிகளின் முகாமாக நீடிக்கிறது. இனக்கலவரமும் போரும் மூண்டபின் 1984இல் கப்பலும் நின்றது. எதிர்க்கரையில் தலைமன்னார் ரயிலும் 1990இல் போரால் நின்றுபோய், இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கான் புதுப்பித்த பாதையில் 2015 மார்ச்சில் மீண்டும் துறைவரை ஓடத் தொடங்கியது.

தனுஷ்கோடியில் எஞ்சியவை நிலையக் கட்டடத்தின் சில சுவர்கள், எஞ்சினுக்கு நீர் தேக்கிய தொட்டியின் இடிபாடு, சற்றுத் தள்ளித் தேவாலயத்தின் மொட்டைச் சுவர்கள். பவளப்பாறைக் கற்களால் கட்டியவை என்பதால் உப்புக்காற்றில் அவை மெல்லப் பொடிந்துவருகின்றன. தண்டவாளம் பல இடங்களில் மணலுக்குள் புதைந்தது. நெடுங்காலம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில் ஓடும் வேன்கள் மட்டுமே போக முடிந்தது. 2017 ஜூலையில் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறக்கப்பட்டபின் நாள்தோறும் கார்களும் பஸ்களும் வருகின்றன. சங்கு, பாசிமணி, பொரித்த மீன் விற்கும் கடைகள் இடிபாடுகளை ஒட்டி வரிசையாக முளைத்திருக்கின்றன. வாழத் தகுதியற்றது என்ற அறிவிப்புக்குப் பிறகும் மீனவர் குடும்பங்கள் குடிசை போட்டுத் தங்கியே வருகின்றன. வாடையும் கச்சானும் அவர்களுக்கு மாறிவிடவில்லை.

ரயிலைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சும் அவ்வப்போது எழும். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் அகலப் பாதைக்கு 2019 மார்ச் 1 அன்று பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். வனப்பகுதி, கடலோர ஒழுங்குமுறை, நில எடுப்பு என்று தடைகள் வரிசையாக இருந்தன, தண்டவாளம் வரவில்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, அருகிலேயே செங்குத்தாக உயரும் தூக்குப்பாலத்தோடு கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 'போட் மெயில்' என்ற பெயரோடு எழும்பூரிலிருந்து கிளம்பும் ரயில், படகு எதையும் சந்திக்காமல் ராமேஸ்வரத்தில் பயணத்தை முடித்துக்கொள்கிறது.